பழம் முன்பக்கத்தில், சர்க்கரை பின்பக்கத்தில்

போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையே இருக்கிறது காட்டுப்பாக்கம். பஸ் நின்று ஆளிறக்கிப் போகும் சிற்றூராக இருந்த இடம் இன்று மெட்ரோ தூண்களும் அடுக்குமாடிகளுமாக மாறிவிட்டது. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். ஒருவர் கிண்டிப் பக்கம், இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். பள்ளி வேன் ஏழரைக்கே வந்து ஹாரன் அடிக்கும். இப்படிப்பட்ட ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பக்கம் குளிர்பெட்டியில் இட்லி மாவுப் பாக்கெட்டுகள் இருக்கும். எதிர்வரிசையில், ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சரியாக, பாலில் போட்டுச் சாப்பிடும் தானியப் பெட்டிகள் இருக்கும். சாக்லேட் சுவை, தேன் சுவை இவற்றோடு இப்போது பழச்சுவையும் சேர்ந்துகொண்டது: சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா வளையங்கள், அட்டையில் வண்ணப் பறவை, பெயரிலேயே பழம்.

அந்தப் பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதை வாங்கும் அம்மாவைக் குறை சொல்வது நோக்கமில்லை. காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நிற்காதவர்கள் அவருக்கு உபதேசம் செய்வது சுலபம்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது கெல்லாக்ஸின் ஃப்ரூட் லூப்ஸ். அமெரிக்காவில் 1963-இல் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1954-இல், ஜெனரல் மில்ஸ் நிறுவனம் டிரிக்ஸ் என்ற பழச்சுவைத் தானிய உருண்டைகளை விற்கத் தொடங்கியிருந்தது. தொடக்ககால டிரிக்ஸில் எடைக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் சர்க்கரைதான். இந்தத் தொழில் பிறந்த கதையில் ஒரு முரண் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்குப் பத்திய உணவாகத்தான் 1890-களில் தானியச் செதில்களைச் செய்தார். சர்க்கரை சேர்ப்பது அவருக்குப் பிடிக்காது. தம்பி வில் கீத் கெல்லாக் சர்க்கரை சேர்த்து விற்க விரும்பினார். 1906-இல் தனியே கம்பெனி தொடங்கியவர் தம்பிதான். உலகம் சாப்பிடுவதும் தம்பியின் கைப்பக்குவத்தைத்தான்.

இந்தியாவுக்கு இந்தக் கம்பெனி 1994-இல் வந்தது. முதல் சில ஆண்டுகள் சறுக்கல். குளிர்ந்த பாலுக்கென்று செய்த செதில்களை நம் வீடுகளில் காய்ச்சிய சூடான பாலில் போட்டார்கள். மொறுமொறுப்பு அடுத்த நிமிடமே போய்விட்டது. காலையில் காரமும் உப்புமாகச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது பலகாரமாகவே படவில்லை. பிறகு சாக்லேட் சுவையில் சாக்கோஸ் வந்தது. பெரியவர்களிடம் தோற்ற பொருள் பிள்ளைகளிடம் ஜெயித்தது. இன்று அந்தக் கம்பெனியின் இரண்டு இந்தியத் தொழிற்சாலைகளில் ஒன்று, சென்னைக்கு வடக்கே தடா அருகே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் இயங்குகிறது. நம் புறநகருக்கு இது தூரதேசத்துச் சரக்கு இல்லை.

வளையம் எப்படிப் பிறக்கிறது

பழச்சுவைத் தானியத்தின் கலவை நாட்டுக்கு நாடு மாறும். அதிகம் ஆராயப்பட்டதும் நீதிமன்றம் வரை போனதும் அமெரிக்க ஃப்ரூட் லூப்ஸ் பெட்டி என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் இந்தியப் பெட்டி ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

பட்டியலில் முதலில் மக்காச்சோள மாவுக் கலவை. அடுத்து சர்க்கரை. பிறகு கோதுமை மாவு, முழு ஓட்ஸ் மாவு, மாற்றியமைத்த ஸ்டார்ச். அதன்பின் ஒவ்வொன்றும் இரண்டு சதவீதமோ அதற்குக் குறைவாகவோ தாவர எண்ணெய், ஓட்ஸ் நார், மால்டோடெக்ஸ்ட்ரின், உப்பு, மணமூட்டி, நான்கு செயற்கை நிறங்கள், கெடாமல் காக்க பி.எச்.டி. என்ற வேதிப்பொருள், கடைசியில் வைட்டமின்களும் இரும்பும். ஆரஞ்சு, எலுமிச்சை, செர்ரி, திராட்சை எதுவும் அதில் இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் ஒரு பழத்தின் பெயர்கூடக் கிடைக்காது.

மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி அச்சிட வேண்டும் என்பது அங்கும் விதி, இங்கும் விதி. இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. மக்காச்சோள மாவில் இரண்டு வகை: உமியும் முளையும் சேர்ந்த முழு மாவு, முளை நீக்கிய மாவு. இரண்டையும் ‘கலவை’ என்று ஒரே பெயரில் கூட்டினால் அது சர்க்கரையை முந்துகிறது. தனித்தனியாக அச்சிட்டால் எது முதலிடம் பிடிக்கும் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. பழைய பெட்டிகளில் அப்படிக் கூட்டிய பிறகும் பட்டியலின் முதல் சொல் சர்க்கரையாகவே இருந்தது.

செய்முறை எளிது. மாவுகளைத் தண்ணீரோடு பிசைந்து எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். முறுக்குக் குழாயைப் போன்றதுதான் அது. உள்ளே கடும் சூடும் அழுத்தமும் இருக்கும் என்பது மட்டும் வித்தியாசம். மாவு உள்ளேயே வெந்துவிடுகிறது. அச்சின் துளை வழியே வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விலக, மாவுக்குள் இருந்த நீர் ஆவியாகி வளையத்தை உப்பச் செய்கிறது. கத்தி சுழன்று நறுக்குகிறது. உலர்ந்த வளையங்கள் சுழலும் உருளைக்குள் போக, அவற்றின் மேல் சர்க்கரைப் பாகும் மணமும் பூசப்படுகின்றன. சூட்டில் அழியக்கூடிய வைட்டமின்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் தெளிப்பார்கள்.

இப்படி வெந்து உப்பிய மாவுச்சத்து வயிற்றில் வேகமாகச் செரித்து, வேகமாகக் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். முழுத்தானியம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அரைத்து வெந்து உப்பிய முழுத்தானியம் வேறு, கடித்து மென்று தின்னும் முழுத்தானியம் வேறு. சர்க்கரையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

நான்கு நிறம், ஒரே சுவை

சிவப்பு வளையம் செர்ரி, மஞ்சள் வளையம் எலுமிச்சை, ஊதா வளையம் திராட்சை என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் எல்லாம் ஒன்றே. ஃப்ரூட் லூப்ஸின் எல்லா நிறத்துக்கும் ஒரே கலவை மணம்தான். கம்பெனியே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நாக்குக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண் உண்டாக்கிக் கொடுக்கிறது.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது? பழத்தின் வாசனை என்று நாம் சொல்வது நூற்றுக்கணக்கான ஆவியாகும் சேர்மங்களின் கூட்டு. ஆனால் மூளையை நம்பவைக்க இரண்டு மூன்று போதும். ஐசோஅமைல் அசிடேட் இருந்தால் வாழைப்பழம், எத்தில் பியூட்டிரேட் இருந்தால் அன்னாசி, மெத்தில் ஆந்த்ரனிலேட் இருந்தால் அமெரிக்கத் திராட்சை, சிட்ரால் இருந்தால் எலுமிச்சை. இவற்றைப் பழத்திலிருந்தும் எடுக்கலாம், ஆலையிலும் செய்யலாம், மூலக்கூறு ஒன்றேதான். நம் ஊர் லேபிளில் ‘இயற்கையை ஒத்த மணமூட்டி’ என்று அச்சிடப்படுவது ஆலையில் செய்த இந்த இரட்டைப் பிறவியை. இதில் விஷம் எதுவும் இல்லை. பழத்தின் நார், பொட்டாசியம், வைட்டமின் சி, நீர்ச்சத்து இவற்றில் எதுவும் இதோடு சேர்ந்து வருவதில்லை; அவ்வளவுதான். ‘இயற்கை மணம்’ என்ற சொல்லைக் கண்டதும் பழச்சாறு என்று நினைத்துக்கொள்வது நம் தவறு. நினைக்கும்படி அட்டையை வரைந்தது அவர்கள் திறமை.

நிறத்தின் கதை நீளம். தமிழ்நாட்டுக்கு இது புதிதுமில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பதைச் சோதனைக்கூடம் உறுதிசெய்ததும், முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழக அரசும் அதைத் தடை செய்தன. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். உணவில் அதற்கு இடமே இல்லை. கடற்கரையில் கோல் ஏந்தி விற்றவர்கள் ஒரே வாரத்தில் குற்றவாளிகளைப் போல ஓடினார்கள். தானியப் பெட்டியின் நிறங்கள் அந்த ரகத்தைச் சேர்ந்தவை அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நேர்மையாகாது. இந்தியாவில் உணவுக்கு எட்டு செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர், பிரில்லியன்ட் ப்ளூ போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. எந்த உணவில் சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை. சேர்த்திருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும்.

ஆனால் அனுமதி கிடைத்ததாலேயே கேள்வி முடிந்துவிடுவதில்லை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், 8-9 வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இவை சேர்க்காத பானம் குடித்த நாள்களோடு ஒப்பிட்டபோது பரபரப்பு ஓரளவு கூடியது. ‘தி லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. விளைவு பெரிதல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியும் இல்லை. எந்த நிறத்தால் வந்தது, பென்சோயேட்டால் வந்ததா என்றும் அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல், அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் அது பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் எனக் கட்டளையிட்டது. கம்பெனிகள் எச்சரிக்கையை அச்சிட விரும்பவில்லை. பெரும்பாலும் நிறத்தை மாற்றிக்கொண்டன.

ஓர் இடத்தில் கம்பெனி செய்யாதது இன்னோர் இடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் என்னை உறுத்தும் பகுதி. கனடாவில் விற்கும் ஃப்ரூட் லூப்ஸுக்கு கேரட், தர்பூசணி, ப்ளூபெர்ரிச் சாறுகளிலிருந்தும் மஞ்சளிலிருந்தும் நிறம் எடுக்கிறார்கள். ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் அமெரிக்கா. அங்கே அதே பெயருக்கு ரெட் 40, எல்லோ 5, எல்லோ 6, ப்ளூ 1. செயற்கை நிறங்களை 2018-க்குள் நீக்குவதாக 2015-இல் கம்பெனி அறிவித்தது, நீக்கவில்லை. 2024 அக்டோபரில் பேட்டில் கிரீக் தலைமையகத்தின் வாசலில் மக்கள் கூடிப் போராடினார்கள். 2025 ஆகஸ்டில்தான், டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரலோடு செய்த ஒப்பந்தத்தின்படி, 2027 முடிவதற்குள் நீக்குவதாகக் கையெழுத்திட்டது. சட்டமும் அவப்பெயரும் சேர்ந்து அழுத்தினால் கலவை மாறும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதில் எச்சரிக்கை ஒன்று. மஞ்சளிலிருந்தும் பீட்ரூட்டிலிருந்தும் நிறம் எடுத்த வளையத்தில் சர்க்கரை ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. நிறத்தைப் பற்றிய கூச்சலில் சர்க்கரை தப்பித்துவிடுகிறது.

பன்னிரண்டு கிராம்

அமெரிக்க லேபிளின்படி ஒரு முறை பரிமாறும் அளவு 39 கிராம். அதில் 150 கலோரி, சர்க்கரை 12 கிராம், புரதம் 2 கிராம், நார் 2 கிராம், சோடியம் 210 மில்லிகிராம். பன்னிரண்டு கிராம் என்றால் மூன்று டீஸ்பூன். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 31 கிராம். இனிப்புப் பண்டத்தில் அரை கிராமுக்கும் மேல் உப்பு இருப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இனிப்பு திகட்டாமல் இருக்க உப்பு உதவுகிறது.

2009-இல் இதே பெட்டியில் 12 கிராம் சர்க்கரை 29 கிராம் அளவில் இருந்தது. அதாவது எடையில் 41 சதவீதம். அந்த ஆண்டுதான் அமெரிக்க உணவுக் கம்பெனிகள் சில சேர்ந்து ‘ஸ்மார்ட் சாய்சஸ்’ என்ற பச்சை டிக் முத்திரையைக் கொண்டுவந்தன. நல்ல உணவு என்று சொல்லும் முத்திரை. அதைப் பெற்ற பொருள்களில் ஃப்ரூட் லூப்ஸும் ஒன்று. வைட்டமின் சேர்த்திருக்கிறது, டோனட்டைவிட மேல் என்பது திட்டத்தின் பொறுப்பில் இருந்த ஊட்டச்சத்துப் பேராசிரியர் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். நாடே சிரித்தது. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் விசாரிக்கப் போவதாகச் சொன்னதும் அந்த அக்டோபரிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அன்றைய 41 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இன்றைய கலவை மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பிள்ளைக்கு இதைப் பொருத்துவோம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,360 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) அட்டவணை. அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஐந்துக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு. ஐந்து சதவீதம் என்றால் 17 கிராம். ஒரு கிண்ணம் வளையம் அதில் 12 கிராமைக் காலையிலேயே எடுத்துக்கொள்கிறது. கிண்ணத்தில் கொட்டுபவர் தராசு வைத்துக் கொட்டுவதில்லை. 39 என்பது கைக்கு 50, 60 ஆகும். பிறகு பாலில் கலக்கும் மாவுப் பானம், டிஃபன் பாக்ஸின் க்ரீம் பிஸ்கட், மாலையில் டீக்கடை பன். இந்திய லேபிளில் காட்டும் தினசரி சதவீதம் 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற அடிப்படையில் போட்ட கணக்கு. கார்ட்டூன் பிள்ளைக்காகவும் கணக்கு அப்பாவுக்காகவும் அச்சிடப்படுகின்றன.

பாலோடு சேர்த்துப் பாருங்கள், பால் சத்தானதுதானே என்பது கம்பெனிகளின் பழைய வாதம். பிரிட்டனில் சர்க்கரை மிகுந்த பொருள்களைக் கடையின் முகப்பில் அடுக்கக்கூடாது என்று விதி வந்தபோது, பாலையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று கெல்லாக்ஸ் வழக்குப் போட்டது. 2022 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. பால் ஊற்றினால் பெட்டிக்குள் இருக்கும் சர்க்கரை குறைந்துவிடாது. லேபிளில் ‘பாலுடன்’ என்ற கட்டத்தில் புரதமும் கால்சியமும் ஏறித் தெரிந்தால், அந்தப் பெருமை ஆவின் பாக்கெட்டுக்குத்தான் சேர வேண்டும்.

வைட்டமின், இரும்பு பற்றி அவசரமாகக் கேலி பேசிவிடக்கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இன்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. உணவில் இரும்பு சேர்ப்பது நல்ல காரியம். ரேஷன் அரிசியிலும் அதைச் செய்திருக்கிறார்கள். தானிய வளையத்தில் சேர்ப்பது நுண்ணிய இரும்புத்தூள். பொடித்துத் தண்ணீரில் கரைத்து வலுவான காந்தத்தை அருகில் கொண்டுபோனால் கறுப்புத் தூள் ஒட்டும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நல்ல சோதனை. ஆனால் இந்த வகை இரும்பு உடலில் அவ்வளவாகச் சேர்வதில்லை. பாலின் கால்சியம் அதை இன்னும் தடுக்கிறது. வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். முளை நீக்கியபோது போன சத்துகளில் சிலவற்றைத் திரும்பத் தெளித்து, ‘வைட்டமின் நிறைந்தது’ என்று முன்பக்கத்தில் அச்சிடுவது வியாபாரம். சர்க்கரைப் பண்டத்துக்குச் சத்து உணவின் வேஷம் போட்டுவிடுவது இந்த வரிதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்காவில் பெயரை நம்பி ஏமாந்தோம் என்று வழக்குப் போட்டவர்கள் உண்டு. ஃப்ரூட் லூப்ஸ் மேல் போட்ட வழக்கு 2007-இலும், ‘க்ரஞ்ச்பெர்ரி’ என்ற பெயரில் விற்ற இன்னொரு தானியத்தின் மேல் போட்ட வழக்கு 2009-இலும் கலிஃபோர்னியாவில் தள்ளுபடியாயின. வண்ண உருண்டையைப் பார்த்து நியாயமான எந்த நுகர்வோரும் பழம் என்று நம்ப மாட்டார் என்பது நீதிபதிகளின் பார்வை. பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். அந்தப் பெட்டியைக் கைநீட்டிக் கேட்கும் நுகர்வோரின் வயது ஆறு என்பதை அந்தத் தீர்ப்புகள் கணக்கில் எடுக்கவில்லை.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிகள் மேலோட்டமாகப் பார்த்தால் கறாரானவை. சொல்லாலோ படத்தாலோ ஒரு மூலப்பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக் கூழ், மாம்பழக் கூழ் என்று முழங்கும் தானியப் பெட்டிகளின் பின்பக்கத்தில் அந்தச் சதவீதத்தைத் தேடிப் பாருங்கள். அதே விதியில் விலக்கு ஒன்றும் இருக்கிறது: அந்தப் பொருளை மணமூட்டியாக மட்டும் சேர்த்திருந்தால் சதவீதம் தேவையில்லை. ஆக, கொஞ்சம் பழக்கூழ் சேர்ப்பவர் எண்ணைச் சொல்லி வெட்கப்பட வேண்டும். பழமே சேர்க்காமல் மணத்தை மட்டும் தெளிப்பவர் எண்ணைச் சொல்லத் தேவையில்லை. விதி யாரைப் பிடிக்க எழுதப்பட்டதோ அவரே தப்புகிறார்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி இதை மறைக்காமல் பேசுகிறது: ‘உண்மையான பழம்’ என்று சொல்லும் பண்டத்தில் பத்து சதவீதப் பழம்தான் இருக்கலாம், லேபிளைக் கவனமாகப் படியுங்கள் என்கிறது. அடுத்த மாதமே ‘100% பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்கும்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சாறு விற்பவர்களுக்கு உத்தரவிட்டது. முன்பக்க லேபிள் விஷயத்தில் மட்டும் இழுபறி. 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்ற வரைவு வந்தது. நாரோ பழமோ பருப்போ சேர்த்தால் சர்க்கரைக்கான கழித்தல் ஈடாகிவிடும் கணக்கு அது. ‘ஸ்மார்ட் சாய்சஸ்’ டிக்கின் தங்கை என்று சொல்லலாம். சிலி நாடு 2016-லேயே சர்க்கரை மிகுந்த பெட்டிகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைப் போடச்செய்து, பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் பிராணிகளையும் அட்டையிலிருந்து இறக்கிவிட்டது. மெக்சிகோவும் பின்தொடர்ந்தது.

பக்கத்துப் பள்ளியில் வேகும் உப்புமா

காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்தது. இதே மாவட்டத்தின் கீழச்சேரியில்தான் 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, மாநிலத்தின் 1,545 பள்ளிகளில் நடைமுறைக்கு வந்து, 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்கு வளர்ந்த திட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அந்தந்த இடத்துக் காய்கறி. இந்திய உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கணக்கிட்டால் ரவை உப்புமாவும் சாம்பாரும் சேர்ந்து ஏறக்குறைய 9 கிராம் புரதம்; அரிசி உப்புமா என்றால் 7. வளையத்தில் 2. ஒரு டம்ளர் பால் ஊற்றினால் இன்னும் ஆறு கிராம் சேரும், ஆனால் அது பாலின் புரதம். உப்புமாவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம்.

இதைச் சொல்லி நம் சமையலறைக்கு மாலை போடவும் முடியாது. வெள்ளை ரவையும் பாலிஷ் அரிசி இட்லியும் நார் குறைந்தவை. தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ளும் வீடுகள் குறைவில்லை. காலை உணவுத் திட்டத்தின் தொடக்கப் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குக் கேசரியும் இருந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-இல் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வண்ண வளையத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். வளையத்தின் குற்றம் அதற்குள்ள அளவுக்குத்தான்.

என் முடிவு இது: பழச்சுவை வளையம் தின்பண்டம். பிஸ்கட்டையும் மிட்டாயையும் வைக்கும் தட்டில் வைத்து, எப்போதாவது ஒரு கைப்பிடி கொடுத்தால் பாதகமில்லை. பாலில் நனைத்துத் தினமும் காலைச் சாப்பாடாகக் கொடுக்கும் பொருள் அது இல்லை. நேரமில்லாத காலையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் வேகத்தில் அதற்குக் குறையாது. பூந்தமல்லி சாலையோரத் தள்ளுவண்டியில் கிடைக்கும் கொய்யா நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி தருகிறது; நாரும் எட்டு கிராமுக்கு மேல். பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்புங்கள். பரிமாறும் அளவுக்கான கட்டத்தை விட்டு 100 கிராம் கட்டத்தில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படியுங்கள். அந்த எண் இருபதைத் தாண்டினால் பெட்டியைத் திரும்ப அடுக்கிவிடுங்கள். இருபது என் அளவுகோல். சட்டத்தின் அளவுகோல் இல்லை.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.க்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பெட்டியின் முன்பக்கத்தில் பழத்தின் படமோ பெயரோ இருந்தால், உள்ளே இருக்கும் பழத்தின் சதவீதமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். மணமூட்டிக்கான விலக்கை நீக்குங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே அச்சிடச் சொல்லுங்கள்.